இதயம் சுருங்கும் வலிமையை நரம்புகள் எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன? – ஒரு முழுமையான வழிகாட்டி

எக்கோ பரிசோதனை முடிந்ததும் நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது 'பம்பிங் எவ்வளவு இருக்கிறது?' என்பதைத்தான். அறிக்கையில் 60 சதவீதம் என்றிருந்தால் முகம் தெளிகிறது. 30 என்றிருந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. இதயத்தின் கீழறையான இடது வென்ட்ரிக்கிளில் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஒரே துடிப்பில் வெளியேறுகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. ஆனால் அது அசையாமல் படுத்திருந்த சில நிமிடங்களுக்கு உரிய எண் என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அதே மனிதர் மூன்று மாடி ஏறி நின்றாலோ, எதிர்பாராத ஒரு செய்தியைக் கேட்டுத் திடுக்கிட்டாலோ, அவருடைய இதயம் வேகமாகத் துடிப்பதோடு, முன்பைவிட அழுத்தமாகவும் சுருங்குகிறது. இந்த இரண்டாவது மாற்றத்தை நரம்புகள் எவ்வாறு நிகழ்த்துகின்றன என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. உடலியங்கியல் படிக்கும் மாணவர்களையும், இதய நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அது என்ன செய்கிறது என்று யோசிப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நரம்பு இதயத்துக்குத் துடிக்கும்படி ஆணையிடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொரு தசைச் செல்லுக்கும் எவ்வளவு கால்சியம் அளக்கப்பட வேண்டும் என்பதையே அது மாற்றுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் அத்தனை பெயர்களும் அதனதன் இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

படி 1: 'வலிமை' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுதல்

கிணற்றிலிருந்து நீர் இறைப்பவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறைத்தார் என்று கணக்கிட, எத்தனை முறை வாளி மேலே வந்தது, ஒவ்வொரு முறையும் வாளியில் எவ்வளவு நீர் இருந்தது என்ற இரண்டும் தெரிய வேண்டும். இதயத்துக்கும் இதே கணக்குதான். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 75 முறை துடித்து, ஒவ்வொரு முறையும் சுமார் 70 மில்லிலிட்டர் வெளியேற்றினால், நிமிடத்துக்கு 5 லிட்டருக்குச் சற்று மேல் வரும். துடிப்பின் எண்ணிக்கையை நரம்புகள் மாற்றுவது பலருக்கும் தெரிந்ததே. நாம் பேசப்போவது அந்த 70 மில்லிலிட்டரைப் பற்றி.

சுருங்கத் தொடங்கும் முன் இடது வென்ட்ரிக்கிளில் ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் இருக்கும். 70 வெளியேறியபின் 50 மில்லிலிட்டர் உள்ளேயே தங்கிவிடுகிறது. இதை வீண் என்று எண்ணக் கூடாது, இது கையிருப்பு. இதயம் வலுவாகச் சுருங்கும்போது இந்த மீதம் வெறும் 10 முதல் 20 மில்லிலிட்டராகக் குறைந்துவிடக்கூடும். அதாவது, உள்ளே வரும் இரத்தத்தின் அளவு கூடாமலேயே, வெளியே செல்லும் அளவைக் கூட்ட முடியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே வரும் இரத்தம் கூடினாலும் இதயம் வலுவாகச் சுருங்கும். இதை 1895 இல் ஜெர்மானியரான ஓட்டோ ஃபிராங்க் தவளையின் இதயத்திலும், அடுத்த இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் நாயின் இதயத்திலும் காட்டினார்கள். தசை நார் எவ்வளவு இழுபடுகிறதோ, ஒரு வரம்புக்குள், அவ்வளவு அழுத்தமாக அது சுருங்கும். இதற்கு நரம்பு தேவையில்லை. நரம்புகள் அனைத்தையும் வெட்டிவிட்ட இதயத்திலும் இது நடக்கும். நரம்பு செய்வது வேறு: அதே அளவு இரத்தம், அதே அளவு இழுவிசை இருக்கும்போதே சுருக்கத்தை வலுவாக்குகிறது. இதைத்தான் சுருங்குதிறன் என்கிறோம். தேர்வுத் தாள்களில் இவ்விரண்டையும் கலந்து எழுதுவதுதான் மாணவர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை. 'இழுபட்டதால் வந்த வலிமையா, இழுபடாமலேயே வந்த வலிமையா?' என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும்.

படி 2: இதயத்துக்கு இந்தத் தனி வழி ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

கையால் ஒரு டம்ளரைத் தூக்குகிறோம். பிறகு ஒரு குடத்தைத் தூக்குகிறோம். குடத்துக்குக் கூடுதல் விசை வேண்டும். எலும்புத் தசை அதை இரண்டு வழிகளில் பெறுகிறது. முதலாவது, மூளையும் தண்டுவடமும் கூடுதல் எண்ணிக்கையில் தசை நார்களை வேலைக்கு அழைக்கின்றன. இரண்டாவது, ஒரு சுருக்கம் தளரும் முன்பே அடுத்த தூண்டலை அனுப்பி, சுருக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றன.

இதயத்தால் இவ்விரண்டில் எதையும் செய்ய முடியாது. அதன் செல்கள் அனைத்தும் நுண்ணிய இடைவெளி இணைப்புகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு செல்லில் எழுந்த மின்தூண்டல் எல்லாச் செல்களுக்கும் பரவிவிடும். ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் எல்லாச் செல்களும் ஏற்கெனவே வேலையில்தான் இருக்கின்றன. புதிதாக அழைக்க ஆளில்லை. சுருக்கங்களை அடுக்குவதும் இயலாது. ஒரு மின்தூண்டலுக்குப் பிறகு கால் நொடி அளவுக்கு அந்தச் செல் அடுத்த தூண்டலை ஏற்காது. இது ஒரு குறையன்று, பாதுகாப்பு. இதயத் தசை, கெண்டைக்கால் குரக்குவலி பிடித்ததுபோல் இறுகி நின்றுவிட்டால் இரத்தம் நிரம்பாது, ஆள் பிழைக்க மாட்டார்.

ஆட்களைக் கூட்டவும் முடியாது, வேலைகளை அடுக்கவும் முடியாது என்றால், இருக்கும் ஒவ்வொரு ஆளையும் கூடுதலாக இழுக்கச் செய்வதே மிஞ்சும் வழி. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சென்று அதன் இழுவிசையைக் கூட்ட வேண்டும். அதற்கான திருகுதான் கால்சியம். 1883 இல் லண்டனில் சிட்னி ரிங்கர் இதை ஏறக்குறைய ஒரு தற்செயலால் கண்டார். அவருடைய தவளை இதயங்கள் நன்றாகத் துடித்ததற்குக் காரணம், கரைசலை வாலைவடி நீரில் தயாரிக்காமல் லண்டன் குழாய் நீரில் தயாரித்துவிட்டார்கள் என்பதே. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தைச் சுருங்கச் செய்தது; சுத்தமான நீருக்கு மாறியதும் சுருக்கம் மங்கிப்போயிற்று.

படி 3: நரம்புப் பாதையைத் தடம்பற்றுதல்

இதயத்துக்கு வரும் நரம்புகள் நம் விருப்பத்துக்கு உட்படாத தானியங்கு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. அவற்றில் இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகள், அதை அடக்கும் இணைப்பரிவு நரம்புகள் என்று இரண்டு வகை உண்டு.

பரிவு நரம்பின் பாதையை மேலிருந்து கீழாகப் பார்ப்போம். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் மேற்பகுதியில், முன்பக்க ஓரமாக, ஓய்விலும் ஓயாமல் தூண்டல் அனுப்பும் நரம்புச் செல்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதன் நார்கள் தண்டுவடத்தின் வழியே இறங்கி, மார்புப் பகுதியின் முதல் நான்கைந்து கண்டங்களில் உள்ள செல்களை அடைகின்றன. அங்கிருந்து புறப்படும் நார்கள், கழுத்திலும் மார்பின் மேல் விளிம்பிலும் முதுகெலும்பின் இருபுறமும் உள்ள நரம்பு முடிச்சுகளுக்குச் செல்கின்றன. இவற்றில் முக்கியமானது, விண்மீன் வடிவத்தால் பெயர் பெற்ற ஸ்டெல்லேட் முடிச்சு. அங்கே செய்தி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால் அடுத்த நரம்புக்குக் கைமாற்றப்படுகிறது. அந்த அடுத்த நரம்பு இதயத்தை அடைந்து, துடிப்பைத் தொடங்கும் எஸ்.ஏ. கணு, அதைக் கீழறைகளுக்குக் கடத்தும் ஏ.வி. கணு, மேலறைகளான ஆரிக்கிள்கள், வென்ட்ரிக்கிள்கள் என எல்லா இடங்களிலும் கிளை பரப்புகிறது. கிளைகளின் நுனியில் மணிமாலைபோல் சிறு புடைப்புகள் உண்டு. அவற்றிலிருந்து நார்அட்ரினலின் கசிகிறது.

இடப்பக்க, வலப்பக்க நரம்புகள் ஒரே வேலையைச் செய்வதில்லை. நாய்களில் நடந்த ஆய்வுகளில், வலப்பக்கப் பரிவு நரம்பு துடிப்பின் வேகத்தையும், இடப்பக்க நரம்பு வென்ட்ரிக்கிளின் வலிமையையும் கூடுதலாக மாற்றுவது தெரிந்தது. வேகமும் வலிமையும் தனித்தனியே கட்டுப்படுத்தப்படக் கூடியவை என்ற எண்ணம் அதற்கும் பழையது. செரிமான ஆய்வுக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவை மணியோசையும் நாயின் எச்சிலுமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 1883 இல் அவர் எழுதிய மருத்துவ ஆய்வேடு இதய நரம்புகளைப் பற்றியது. நாயின் இதயத்துக்குச் செல்லும் நரம்புகளில் வேகத்தை மாற்றாமல் சுருக்கத்தை மட்டும் வலுப்படுத்தும் கிளை ஒன்று உண்டு என்று அதில் அவர் காட்டினார்.

இணைப்பரிவுப் பாதை எளியது. முகுளத்தில் தோன்றும் வேகஸ் நரம்பு கழுத்தின் வழியே இறங்கி, இதயத்தின் மேற்பரப்பிலுள்ள கொழுப்புத் திட்டுகளுக்குள் இருக்கும் குட்டி முடிச்சுகளை அடைகிறது. அங்கிருந்து மிகக் குறுகிய நார்கள் எஸ்.ஏ. கணுவுக்கும் ஏ.வி. கணுவுக்கும் ஆரிக்கிள்களுக்கும் அடர்த்தியாகச் செல்கின்றன. வென்ட்ரிக்கிளுக்குச் சொற்பமாகவே செல்கின்றன. இந்தப் பங்கீடு படி 6 இல் தேவைப்படும்.

படி 4: செல்லுக்குள் நுழைதல்

இனி வருவதே இந்த வழிகாட்டியின் மையப்பகுதி. முதலில் நரம்பின் தலையீடு இல்லாத ஒரு சாதாரணத் துடிப்பைப் பார்ப்போம். மின்தூண்டல் செல்லின் சவ்வில் பரவும்போது, எல் வகைக் கால்சியம் கால்வாய்கள் திறந்து, வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் உள்ளே வருகிறது. தசையைச் சுருக்க அந்த அளவு போதாது. ஆனால் செல்லுக்குள் இருக்கும் சார்கோபிளாச வலை என்ற கிடங்கின் கதவுகளை அது தட்டுகிறது. கதவுகள் திறந்து, கிடங்கிலிருந்து பன்மடங்கு கால்சியம் கொட்டுகிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்தோடு இணைந்ததும், தசையின் ஆக்டின் இழைகளின் மீதிருந்த பூட்டு விலகி, இழுக்கும் புரதமான மயோசினின் தலைகள் அவற்றைப் பற்றி இழுக்கின்றன. தளரும்போது, சுமார் 70 சதவீதக் கால்சியத்தை ஒரு பம்பு மீண்டும் கிடங்குக்கே ஏற்றிவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி சோடியத்துக்கு மாற்றாகச் செல்லை விட்டு வெளியேறுகிறது.

ஓய்வில் இருக்கும் இதயத்தில் வெளிவரும் கால்சியம், ட்ரோபோனினில் உள்ள இருக்கைகளில் ஒரு பகுதியை மட்டுமே நிரப்புகிறது என்பதை இங்கே அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். எல்லா இருக்கைகளும் முன்பே நிரம்பியிருந்தால் நரம்புக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

இப்போது பரிவு நரம்பின் நுனியிலிருந்து நார்அட்ரினலின் கசிந்து, தசைச் செல்லின் மேற்பரப்பில் செய்தியைப் பெறும் புரதமான பீட்டா-1 ஏற்பியில் அமர்கிறது. ஏற்பி, சவ்வின் உட்புறமுள்ள ஜி புரதம் ஒன்றை எழுப்புகிறது. அது அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. அந்த நொதி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறைச் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறாக மாற்றுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. புரதக் கைனேஸ் ஏ என்ற மற்றொரு நொதியை விடுவிக்கிறது. நரம்பின் செய்தி செல்லுக்குள் இப்படித்தான் கைமாறிக் கைமாறிச் செல்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது பெருகுகிறது. ஒரு நொதி மூலக்கூறு எத்தனையோ சைக்ளிக் ஏ.எம்.பி. மூலக்கூறுகளைத் தயாரிக்கும் என்பதால், மிகச் சொற்பமான நார்அட்ரினலினே பெரிய விளைவைத் தர முடிகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லேண்ட் 1971 இல் நோபல் பரிசு பெற்றார்.

புரதக் கைனேஸ் ஏ செய்யும் வேலை ஒன்றே ஒன்று: தேர்ந்தெடுத்த புரதங்களில் பாஸ்பேட்டு முத்திரை குத்துவது. முத்திரை எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் இடம், எல் வகைக் கால்சியம் கால்வாய். முத்திரைக்குப் பிறகு கால்வாய்கள் திறக்கும் வாய்ப்புக் கூடுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வரும் கால்சியம் கூடுகிறது. முத்திரை கால்வாயின் மீதே விழுவதாகப் பாடநூல்கள் பல பதிற்றாண்டுகளாக எழுதிவந்தன. ஆனால் கால்வாயில் முத்திரை விழக்கூடிய இடங்களை எல்லாம் மாற்றிய பின்னரும் அது அட்ரினலினுக்குக் கீழ்ப்படிவது ஆய்வாளர்களை வெகுகாலம் குழப்பியது. 2020 இல் வெளியான ஆய்வு அந்தப் புதிரை அவிழ்த்தது: கால்வாயின் அருகே அமர்ந்து அதைத் தடுத்துக்கொண்டிருக்கும் ராட் என்ற சிறு புரதத்தின் மீதே முத்திரை விழுகிறது; அது விலகியதும் கால்வாய் தடையின்றித் திறக்கிறது. பழைய விளக்கம் இன்னும் பல வகுப்பறைகளில் அப்படியே ஓதப்படுகிறது.

இரண்டாவது இடம், கிடங்குக்குக் கால்சியத்தை ஏற்றும் பம்பின் மீது தடையாக அமர்ந்திருக்கும் ஃபாஸ்ஃபோலாம்பன் என்ற புரதம். முத்திரை விழுந்ததும் இந்தத் தடை தளர்ந்து பம்பு வேகமெடுக்கிறது. அதனால் கிடங்கு கூடுதலாக நிரம்புகிறது. அடுத்த துடிப்பில் கதவு திறக்கும்போது கொட்டும் அளவும் கூடுகிறது. என் பார்வையில், முழு ஏற்பாட்டிலும் மிகவும் வியக்கத்தக்க புள்ளி இதுதான். வலிமையைக் கூட்டுவதும் தளர்ச்சியை விரைவாக்குவதும் எதிரெதிர் வேலைகளாகத் தோன்றும். இங்கே ஒரே பம்பை முடுக்குவதன் மூலம் இரண்டும் நடந்துவிடுகின்றன.

மூன்றாவது இடம், ட்ரோபோனினின் ஒரு பகுதியான ட்ரோபோனின் ஐ. இங்கே முத்திரை விழுந்தால் ட்ரோபோனின் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் பிடி தளர்கிறது. வலுப்படுத்த வந்தது பிடியை ஏன் தளர்த்துகிறது என்று கேட்பது நியாயமே. கால்சியம் வந்து குவியும் அளவு அவ்வளவு கூடிவிடுவதால், பிடி சற்றுத் தளர்ந்தாலும் சுருக்கம் வலுவாகவே இருக்கும். துடிப்பின் முடிவில் கால்சியம் சட்டென்று விலகுவதால் தசை விரைவாகத் தளரும்.

படி 5: தளர்ச்சியைக் கணக்கில் எடுத்தல்

வலிமையைப் பற்றிய கட்டுரையில் தளர்ச்சிக்கு ஏன் தனிப்படி? நிமிடத்துக்கு 75 துடிப்பு எனில், ஒரு சுற்றுக்கு 0.8 நொடி, அதில் சுருக்கம் ஏறத்தாழ 0.27 நொடி, தளர்ச்சி 0.53 நொடி. நிமிடத்துக்கு 200 துடிப்பானால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.3 நொடிதான். சுருக்கம் பழைய 0.27 நொடியையே எடுத்துக்கொண்டால் இரத்தம் நிரம்ப 0.03 நொடிதான் மிஞ்சும். உண்மையில் அப்போது சுருக்கம் 0.16 நொடியாகக் குறுகி, தளர்ச்சிக்கு 0.14 நொடி கிடைக்கிறது. இதயத்தின் சொந்த இரத்தக் குழாய்கள், குறிப்பாக இடது வென்ட்ரிக்கிளுக்குள் செல்பவை, பெரும்பாலும் தளர்ச்சியின்போதே இரத்தம் பெறுகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், விரைந்து தளரத் தெரியாத இதயத்துக்கு வலிமை பயன்படாது என்பது விளங்கும். வேகத்தை மட்டும் கூட்டி வலிமையையும் தளர்ச்சியையும் அப்படியே விட்டுவிட்டால், நிமிடத்துக்கு வெளியேறும் இரத்தம் ஒரு கட்டத்துக்கு மேல் குறையவே செய்யும்.

வேகமே வலிமையைச் சற்றுக் கூட்டும் என்பதையும் சொல்லிவிடலாம். 1871 இல் ஹென்றி பௌடிட்ச் தவளை இதயத்தில் இதைக் கண்டார்: துடிப்புகள் நெருங்கி வரும்போது, சுருக்கங்கள் படிக்கட்டுபோல் ஒன்றைவிட ஒன்று உயர்ந்துசெல்கின்றன. கால்சியத்தை வெளியேற்ற இடைவெளி போதாமல் அது செல்லுக்குள் சேர்வதே காரணம்.

படி 6: வேகஸின் பங்கை அளவோடு மதிப்பிடுதல்

வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயம் நின்றுவிடும் என்று 1845 இல் வெபர் சகோதரர்கள் காட்டியபோது, நரம்பு என்றாலே தூண்டுவதுதான் என்று எண்ணியிருந்த அக்கால அறிவியல் திகைத்தது. அந்தத் தடுப்பு மின்சாரத்தால் வருகிறதா, வேதிப்பொருளால் வருகிறதா என்ற கேள்விக்கு 1921 இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி விடை கண்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்றோர் இதயத்துக்கு ஊட்டினார். எந்த நரம்பும் தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் தளர்ந்தது. பரிவு நரம்பைத் தூண்டி எடுத்த திரவம் அதை விரைவாகவும் வலுவாகவும் துடிக்கச் செய்தது. வேகஸ் விடுவித்த பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. 1936 இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால் வேகஸின் ஆட்சி முக்கியமாக வேகத்தின் மீதுதான். ஆரிக்கிள்களின் சுருக்கத்தை அது நன்றாகவே குறைக்கும். நார்கள் சொற்பமாகச் செல்லும் வென்ட்ரிக்கிளில், வலுவாகத் தூண்டினாலும் சுருக்கத்தின் வலிமை 20 முதல் 30 சதவீதம் வரையே குறையும். பரிவு நரம்பு முழு வேகத்தில் இயங்கினால் வலிமை ஏறக்குறைய இரு மடங்காகலாம் என்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். ஓய்விலும் பரிவு நரம்பு சிறிதளவு இழுத்துப் பிடித்தபடியே இருக்கிறது. அதை முற்றிலும் நிறுத்தினால் இதயம் வெளியேற்றும் அளவு 30 சதவீதம் வரை இறங்கும். எனவே வென்ட்ரிக்கிளின் வலிமையைக் குறைக்க உடல் பெரும்பாலும் வேகஸைக் கூட்டுவதில்லை. பரிவு நரம்பைக் குறைக்கிறது.

வேகஸ் குறுக்கிடும் மற்றொரு விதமும் உண்டு. அசிட்டைல்கோலின் செல்லின் எம்-2 ஏற்பியில் அமர்ந்து, படி 4 இல் கண்ட அடினைலைல் சைக்ளேஸ் நொதியை அடக்குகிறது. போதாததற்கு, பக்கத்திலுள்ள பரிவு நரம்பின் நுனியிலும் அமர்ந்து நார்அட்ரினலின் கசிவதையே குறைக்கிறது. ஆதலால் பரிவு நரம்பு சும்மா இருக்கும்போது வென்ட்ரிக்கிளில் வேகஸின் விளைவு கண்ணுக்குத் தெரியாது. பரிவு நரம்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் அது நன்றாகத் தெரியும். கூட்டல் கழித்தல் கணக்காக இவ்விரண்டையும் எழுதும் பாடக் குறிப்புகள் இந்த இடத்தில் தவறுகின்றன.

படி 7: ஒரு நிகழ்வில் வைத்துப் பார்த்தல்

காலையில் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கிறீர்கள். நின்ற சில நொடிகளில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, படி 1 இல் ஃபிராங்கும் ஸ்டார்லிங்கும் காட்டிய விதிப்படி சுருக்கம் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. கழுத்தில், தாடைக்குச் சற்றுக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், பெருந்தமனியின் வளைவிலும், குழாய்ச் சுவர் விரிவதை உணரும் நரம்பு நுனிகள் உள்ளன. அழுத்தம் இறங்கியதும் அவை முகுளத்துக்கு அனுப்பும் தூண்டல்கள் குறைகின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம்: இந்தத் தூண்டல்கள் தடுக்கும் தன்மையுள்ளவை. அவை முகுளத்தின் பின்புறமுள்ள ஒரு மையத்தை அடைந்து, இடைநின்ற ஒரு செல்கூட்டத்தின் மூலம், படி 3 இல் சொன்ன பரிவுக் கூட்டத்தை ஓயாமல் அடக்கிக்கொண்டிருக்கின்றன. தூண்டல் குறைந்ததும் அடக்குமுறை தளர்கிறது. பரிவு நரம்புகள் சீறி எழுகின்றன. கூடவே வேகஸ் பின்வாங்குகிறது. வேகஸின் விளைவு அடுத்த ஓரிரு துடிப்புகளிலேயே தெரியும். அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி பக்கத்திலேயே இருப்பதால் அது மறைவதும் விரைவு. பரிவு நரம்பின் விளைவோ, கைமாற்றங்கள் பல இருப்பதால், சில நொடிகள் கழித்தே எழும். நார்அட்ரினலின் நரம்பு நுனிக்குள் திரும்ப உறிஞ்சப்பட வேண்டியிருப்பதால் மெதுவாகவே அடங்கும். நீண்ட நாள் படுத்திருந்தவர் எழுந்ததும் தலைசுற்றி உட்கார்வது, இந்த ஏற்பாடு சோம்பிப்போனதால் நிகழ்வதுதான்.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் சுவாசத்தைக் கட்டுப்படுத்துவதில் ஆற்றும் பங்கைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் கார்னீல் ஹேமன்ஸ் 1938 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகளின் அளவுகோல் நிலையானதன்று. உடற்பயிற்சியின்போது மூளை அதைத் தற்காலிகமாக உயர்த்துகிறது. இல்லையென்றால் அழுத்தம் ஏறியதுமே இதயம் அடக்கப்பட்டு ஓட முடியாமல் போகும். நாட்பட்ட இரத்தக் கொதிப்பிலும் அளவுகோல் உயர்ந்துவிடுகிறது. அந்த நோய் சத்தமில்லாமல் தங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 8: நரம்பை நீக்கிவிட்டுச் சரிபார்த்தல்

ஓர் உறுப்பில் நரம்பின் வேலை என்ன என்பதை அறிய, அந்த நரம்பை எடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது பழைய முறை. 1964 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பந்தய வேட்டைநாய்களின் இதய நரம்புகளை வெட்டிவிட்டு ஓடவிட்டார்கள். நாய்கள் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே ஓடின. நரம்புக்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டத் தோன்றும். பின்னர் அதே போன்ற நாய்களில் பீட்டா ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோது, ஓட்டம் வெகுவாக விழுந்தது. இதய நரம்பு இல்லாத நாய்களைத் தாங்கிப் பிடித்தது, அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி இரத்தத்தில் கலந்த அட்ரினலின். அந்தச் சுரப்பியையும் பரிவு நரம்பே நேரடியாக ஏவுகிறது என்பதால், இதுவும் நரம்பின் வேலைதான், வழிதான் வேறு. நரம்பு நுனியிலிருந்து கசிவதைவிட, இரத்தத்தில் கலந்து வருவதன் விளைவு ஐந்து முதல் பத்து மடங்கு நேரம் நீடிக்கும்.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதையே காணலாம். தானம் பெற்ற இதயத்துக்கு ஆரம்பத்தில் நரம்புத் தொடர்பு இல்லை. வேகஸின் அடக்குதல் இல்லாததால் ஓய்விலேயே அது நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிக்கும். நடக்கத் தொடங்கினால் உடனே வேகமெடுக்காது. முதலில் கால்களிலிருந்து திரும்பும் இரத்தத்தால் இழுபட்டு வலுவாகச் சுருங்கும்; சில நிமிடங்களில் அட்ரினலின் வந்தபின்பே வேகம் ஏறும். பயிற்சிக்கு முன் சற்று நேரம் மெதுவாக நடந்து, முடிந்ததும் மெதுவாகவே நிறுத்துமாறு அவர்களுக்குச் சொல்லப்படுவது இதனால்தான்.

படி 9: கட்டுப்பாடு எல்லை மீறும்போது நடப்பதை அறிதல்

இரண்டு எடுத்துக்காட்டுகள். முதலாவது, நம் மண்ணின் செந்தேள். இதன் நஞ்சு நரம்புகளின் சோடியம் கால்வாய்களை மூடவிடாமல் செய்வதால், தானியங்கு நரம்புகள் அடங்காமல் தூண்டலை வீசிக்கொண்டே இருக்கும். முதலில் வாந்தி, வியர்வை, எச்சில் பெருக்கு என இணைப்பரிவின் அறிகுறிகள்; தொடர்ந்து பரிவு நரம்புகளின் புயல். இரத்தக் கொதிப்பு ஏறும், கைகால்கள் சில்லிடும், இதயம் மிஞ்சிய வலிமையோடு துடிக்கும். இந்த வலிமை நிலைக்காது. அளவு கடந்த கால்சியமும், குழாய்கள் இறுகியதால் வந்த சுமையும் சேர்ந்து தசையைக் களைக்கச் செய்ய, வென்ட்ரிக்கிள் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் பணிபுரிந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும் ஆல்ஃபா ஏற்பிகளை அடைக்கும் ப்ரசோசின் என்ற விலை குறைந்த மாத்திரை இந்நிலையில் உயிர்காப்பதைக் கண்டு, 1986 இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். துவண்ட இதயத்தை மேலும் முடுக்காமல், அதன் முன்னாலுள்ள சுமையை அவர் இறக்கினார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு மெதுவாக நடப்பது, பல இலட்சம் வீடுகளில் இருப்பது. மாரடைப்பு போன்ற காரணங்களால் இதயம் பலவீனமானால், குறைந்த அழுத்தத்தை முகுளம் உணர்ந்து பரிவு நரம்புகளை ஏவுகிறது. எழுந்து நிற்கும் சில நிமிடங்களுக்காக அமைந்த ஏற்பாடு, மாதக்கணக்கில் ஓயாமல் இயங்கத் தொடங்குகிறது. செல்கள் தற்காப்பாகத் தம் பீட்டா-1 ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றன. கிடங்கின் கதவுகள் கசிகின்றன, செல்கள் மடிகின்றன.

களைத்த இதயத்தை மருந்தால் முடுக்குவதே சரி என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகம் நம்பியது. சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டும் மில்ரினோன் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1991 இல் வந்தது: உயிரிழப்பு கூடியிருந்தது. நுகத்தில் துவண்ட மாட்டுக்குச் சாட்டையடி கொடுத்ததைப் போல்தான் அது முடிந்தது. அதற்கு நேர்மாறான வழியை 1975 லேயே ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டீனும் ஓகே ஹியால்மர்சனும் முயன்றிருந்தார்கள். பலவீனமான இதயத்துக்குப் பீட்டா தடுப்பான்களை, அதாவது வலிமையைக் குறைக்கும் மருந்தையே கொடுத்தார்கள். பலரும் நம்ப மறுத்தார்கள். ஆனால் 1999 இல் பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் ஆகியவற்றைப் பற்றி வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள், இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டின. ஓய்வு கிடைத்த தசை மெல்ல மெல்லத் தேறுகிறது. எக்கோவில் பம்பிங் எண் சில மாதங்களில் ஏறுவதும் உண்டு.

இந்த மருந்தின் நடைமுறை முழுவதும் மேலே கண்ட படிகளிலிருந்தே வருகிறது. தொடக்கத்தில் இதயம் பரிவு நரம்பின் இழுப்பை நம்பியே ஓடிக்கொண்டிருப்பதால், மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். முதல் சில வாரங்களில் நோயாளி முன்பைவிடச் சோர்வாக உணர்வதும் உண்டு. மாத்திரை ஏற்பிகளை அடைத்திருக்கும் காலத்தில், செல்கள் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கின்றன. அந்நிலையில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், காத்திருந்த ஏற்பிகள் அனைத்தின் மீதும் நார்அட்ரினலின் ஒரே நேரத்தில் வந்து விழும். படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்புகூட வரலாம். எனவே இதை நிறுத்த நேர்ந்தாலும், மருத்துவர்கள் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகவே இறக்குகிறார்கள்.